இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

1

போன வாரம் இரண்டு பேர் என்னிடம் யோசனை கேட்டார்கள். சனிக்கிழமை இயன் கேட்டார். இங்கே கிளாஸ்கோவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இசைத்தட்டுக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வரதன் போனில் கேட்டான். அவனுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் கடை. ஒரு காலத்தில் அது எங்கள் இருவருடைய கடை. சமீபத்தில் வந்த தட்டுகளில் எனக்குப் பிடித்த ஐந்தை எழுதிக் கொடு என்றார் இயன். கடையை மூடிவிடலாமா, நீ சொல்லு என்றான் வரதன். இருவருக்கும் ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று வாயை விட்டுவிட்டு, வாரம் முழுக்க வீட்டுக்குள் உட்கார இடம் இல்லாதவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

இயன் கேட்டதற்குப் பின்னால் ஒரு படிவம் இருக்கிறது. நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டதால் குடியுரிமைக்கு எழுதிப் போடுகிறோம். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ், வாலாஜாபாத் பெண். அவள் வேலைக்காக வந்தாள். அவளுடைய விசாவின் ஒட்டாக நான் வந்தேன். இப்போது அவள் ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் வைத்து எக்ஸ்ரேவுக்கும் ஆபரேஷனுக்கும் கொண்டுபோவது என் வேலை. வந்த புதிதில் ஒரு கிழவர் கட்டிலில் படுத்தபடியே, எங்கே தங்குகிறாய் என்று கேட்டார். தங்கவில்லை ஐயா, இங்கேயேதான் குடியிருக்கிறேன் என்று விறைப்பாகச் சொன்னேன். இந்த ஊரில் வீடு எங்கே என்பதையே அப்படித்தான் கேட்பார்கள் என்று தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் பாதி ஆஸ்பத்திரியிடம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

படிவம், கடந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்கு வெளியே கழித்த நாட்களை எல்லாம் எழுதச் சொல்கிறது. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனதை விடுமுறை என்று போடுவதா, குடும்பக் காரணம் என்று போடுவதா என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. அது போக, இவரை எனக்குத் தெரியும், நல்லவர்தான் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரி டாக்டர். இன்னொருவருக்கு எங்கே போவது? ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே நான் தவறாமல் பார்க்கிற வெள்ளைக்காரர் இயன் ஒருவர்தான். கூச்சப்பட்டுக்கொண்டே நீட்டினேன். உடனே போட்டார். எப்படித் தெரியும் என்ற இடத்தில், “வாடிக்கையாளர். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை மட்டும் கேட்பவர்” என்று எழுதியிருந்தார்.

“இதைப் படிச்சிட்டு நம்பள லூசுனு நெனச்சிக்கப் போறாங்க” என்றாள் ஸ்டெல்லா.

கையெழுத்துக்குக் கைமாறாகத்தான் இயன் அந்த அட்டையைக் கொடுத்தார். கடைச் சுவரில் வாடிக்கையாளர்களின் சிபாரிசு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆளுக்கு ஒரு அட்டை, ஐந்து வரி. “உனக்கு நான் எழுதிவிட்டேன், இனி எனக்கு நீ எழுது” என்றார். அவருக்குத் தெரியாது, நான் இசை ரசிகனே இல்லை. ஆறு வருடமாக ஒரே ஒரு தட்டைத் தேடிக்கொண்டு வருகிறேன். வெறும் கையோடு வெளியே போக வெட்கப்பட்டு மற்றவற்றை வாங்குகிறேன். அவ்வளவுதான்.

2

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வரதனும் நானும் சின்ன காஞ்சிபுரத்தில் ரெக்கார்டிங் கடை போட்டோம். அவன் வீடு கடை இருந்த தெருவிலேயே. அண்ணன்மார் இருவரும் தறியில் இருந்தார்கள், இவனுக்கு மட்டும் தறியில் உட்கார இடுப்பு வளையவில்லை. நான் செவிலிமேட்டிலிருந்து சைக்கிளில் வருவேன். ஒரு மைக் செட்காரர் தொழிலை விட்டபோது அவருடைய இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கிச் சுவர் முழுக்க அடுக்கியிருந்தோம். அப்போது எல்லோர் கடையும் ஒரே மாதிரிதான்: வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். ஆனால் எங்கள் கடையின் பேர் பரவியது வரதனின் ஒரு பிடிவாதத்தால்.

பாட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒன்றிரண்டு நிமிடம் மிச்சம் விழும். மற்ற கடைகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். வரதன் விடமாட்டான்.

“வெறும் டேப் ஓடக்கூடாதுபா. கேக்கறவனுக்கு மெஷின் கெட்டுப்போச்சோனு அடிச்சிக்கும்” என்பான்.

சுவரிலிருந்து ஏதாவது ஒரு தட்டை உருவி, மிச்சத்துக்குச் சரியாக உட்காருகிற துண்டு ஒன்றைப் போடுவான். பிறகு ஆட்கள் வந்து நிற்பார்கள். “யோவ், ஏ சைடு முடியறப்போ ஒண்ணு வருதே, அது இன்னாதுயா? அதை முழுசா போட்டுக் குடு.” நாளடைவில் சீட்டின் கடைசி வரியைக் காலியாக விட்டு, ‘கடைக்காரர் விருப்பம்’ என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பாட்டு சிபாரிசு என்று ஒன்று நடந்தது என்றால் இப்படித்தான் நடந்தது. யாரும் யாரிடமும் இதைக் கேள் என்று சொல்லவில்லை.

அவன் அதிகம் போட்டது ஒரு கிளாரினெட் துக்கடா. இரண்டு நிமிடம் பத்து நொடி. அந்தத் தட்டுக்கு மேலட்டை கிடையாது. நடுவில் ஒட்டிய தாளில் யாரோ மையைக் கொட்டியிருந்ததால் வாசித்தவர் பெயரும் தெரியாது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது, அது ஒன்றுதான் தெரியும். மிச்சம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் வரதன் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகும். ஊரில் பாதிக் கேசட்டுகள் அதில்தான் முடிந்தன என்றால் பெரிய மிகை இல்லை.

3

சி.டி. வந்தது. அதே சமயம் ஸ்டெல்லா சென்னைக்குப் போய் ஆங்கிலப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டாயிற்று. வரதனிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போவதற்குள் கடையை நவீனமாக்கிக் கொடுத்துவிட்டால் என் குற்றம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கேவலமான கணக்கு.

“வரதா, தட்டுங்களை இனிமே யாரும் சீந்தமாட்டாங்க. செவுத்தைக் காலி பண்ணிட்டு கம்ப்யூட்டர் வைப்போம்பா” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். ஒண்ணு ரெண்டு வச்சிக்கினு இன்னா பண்ணப்போறே?”

பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “செரி. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றான். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டானே என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

தட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தாலாவது யாராவது எடுத்துப்போயிருப்பார்கள். நான் அதைவிடக் கெட்டிக்காரன். எங்கள் ஆலயத்தில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் புதிதாக ஒன்று வைக்கலாம் என்று பெண்கள் சங்கத்துக்கு யோசனை சொன்னேன். கொதிக்கும் தண்ணீரில் தட்டை முக்கி, துவண்டதும் கவிழ்த்த சொம்பின்மேல் போட்டு அழுத்தினால் ஓரம் மடிப்பு மடிப்பாக நின்று கிண்ணமாகிவிடும். நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருப்பதால் பூச்செடி வைக்க வசதி. பிரியாணி அண்டாவில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க எங்கள் சுவர் முழுவதும் இரண்டு நாளில் பூந்தொட்டியானது. எல்லோரும் என் மூளையை மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

ஏலத்துக்கு மைக் செட் போடுவது வருடா வருடம் வரதன்தான். அந்த வருடமும் வந்து ஸ்பீக்கர் கட்டினான். ஏலத்தில் ஒரு கிண்ணத்துக்கு அவனே கை தூக்கினான். தூக்கிய கையை இறக்கவில்லை, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது கிண்ணத்தின் அடியைப் பார்த்தேன். மை கொட்டிய தாள். அந்தக் கிளாரினெட் தட்டு. அடுத்த பூசணிக்காயைத் தூக்கிக் கொடுக்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நான் இங்கே வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் வந்தது, வரதன் சி.டி.யில் பாட்டுப் பதிந்து கொடுத்தான், பிறகு அதையும் யாரும் கேட்கவில்லை. இப்போது வரதன் கடையில் செல்போனுக்கு ரீசார்ஜ் போடுகிறான், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிறான். “கார்டுல மிச்சம்ன்றதே இல்லபா. கொட்டிக்கினே இருக்கலாம்” என்று ஒருமுறை சொன்னான். அவன் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது குறையாகக் கேட்டது.

4

அந்தக் கிளாரினெட் பாட்டு மட்டும் வேண்டுமென்றால் சின்ன காஞ்சிபுரத்தில் எந்தப் பழைய கேசட்டைத் திருப்பினாலும் கிடைக்கும். எனக்கு வேண்டியது தட்டு. வட்டமாக, தட்டையாக, அதை வரதன் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாத தட்டைக் கிளாஸ்கோவில் தேடுகிற முட்டாள்தனம் எனக்கும் புரிகிறது. ஆனால் இயன் கடையில் பழைய இந்தியத் தட்டுகள் ஒரு பெட்டி உண்டு. அவ்வப்போது யார் வீட்டுப் பரணிலிருந்தோ புதிதாக வந்து சேரும். ஒவ்வொன்றிலும் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஊசியை வைத்துக் கேட்டுவிட்டு எடுத்துவிடுவேன். அதுவே பழக்கமாகி, வாங்கிய புதுத் தட்டுகளையும் அங்கிருந்துதான் கேட்கிறேன். ஆகவே என் சிபாரிசு எல்லாம் கடைசிப் பாட்டை வைத்துத்தான். ஊரில் இதைப் படிக்கிற உங்களில் யாரிடம் ஓடுகிற ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன்.

வடக்குத் தீவிலிருந்து அக்கா தங்கை இருவர் பிடிலும் ஆர்மோனியமும் வாசித்த தட்டு ஒன்று. போன வருடம் வந்தது. கடைசியில் பிடில் ஓய்ந்த பிறகும் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஆலயத்து ஆர்மோனியம் இப்படித்தான், பாட்டு முடிந்தாலும் அது முடியாது. தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு அப்பாவும் மகளும். சுரைக்குடுக்கை வைத்த தந்தி வாத்தியம். கடைசிப் பாட்டில் அப்பா வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார், மகள் தனியாகப் பாடி முடிக்கிறாள். என் மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் பேசினால் கேட்டுக்கொள்கிறாள், இந்த ஊர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அதைப் போடும்போது அவளை உட்கார்ந்து கேட்கச் சொன்னேன். “முதல்ல இருந்து போடுங்கப்பா. யாராவது கடைசியில இருந்து கேட்பாங்களா? விசித்திரமா இருக்கு” என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவதை இயன் எனக்காகவே எடுத்து வைத்திருந்தார். யாரோ ஒரு இளைஞர் நெசவாலைக்குள் ஒலிவாங்கியைக் கொண்டுபோய், தறிச் சத்தத்தை வைத்தே செய்த தட்டு. பட்டு ஊர்க்காரனுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு இழைகூட அறவில்லை. எங்கள் தெருவில் இழை அறும், தறி நிற்கும், வரதனின் பெரியண்ணன் திட்டுவார், பிறகுதான் மறுபடி ஓடும். திட்டே இல்லாத தறி எனக்குச் செரிக்கவில்லை. ஆனாலும் வாங்குங்கள், கடைசித் துண்டில் மெஷினை அணைக்கிற சத்தத்துக்காக.

நான்காவது, பியானோவும் இரண்டு துணை வாத்தியமும். ஜாஸ் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாது. முடியும்போது வாசித்தவர் எழுந்திருக்கிற நாற்காலி கிறீச்சிடும். அதை அவர்கள் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே பிடிக்கும்.

நான்கு வரி புதன்கிழமையே எழுதிவிட்டேன். ஐந்தாவது வரவில்லை. அட்டையை ஃபிரிட்ஜின்மேல் காந்தம் வைத்து ஒட்டினேன். பால் எடுக்கப் போனாலும் அது கண்ணில் படும், அதைப் பார்த்தாலே வரதனுக்கு என்ன சொல்வது என்ற பயம் வரும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் அவனுக்கு வேலை இருக்கிறதாம். எங்கள் ஊர் மூங்கில் மண்டபம் வரைக்குமே கம்பெனி பஸ் வருமாம். போ என்று சொல்லி, அதுவும் கையை விட்டுப் போனால்? இரு என்று சொல்லி, இருக்கிற கடையும் படுத்துவிட்டால்? ஏற்கெனவே என் பேச்சைக் கேட்டு ஒரு சுவரைத் தொலைத்தவன் அவன். திரும்பவும் என்னிடமே வந்து கேட்கிறானே என்று அவன்மேல் கோபமே வந்தது.

“ஏங்க, தெரியலனா தெரியலனு சொல்லுங்களேன்” என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு எல்லாம் சுலபம்.

5

ஞாயிறு காலை ஸ்டெல்லா டூட்டிக்குப் போய்விட்டாள். நான் ஆலயத்துக்குப் போகாமல், போன் அட்டையின் எண்ணைச் சுரண்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். அங்கே மத்தியானம். வரதன் கடையில் இருந்தான்.

“சொல்லுபா. இன்னா முடிவு சொல்றே?” என்றான்.

“முடிவு இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி தட்டெல்லாம் வேணாம்னு சொன்னேனே, அது தப்பு வரதா. நான் ஊரை விட்டுப் போறதை உங்கிட்ட மறைச்சிக்கினு இருந்தேன். போறதுக்குள்ள உனக்கு ஏதோ நல்லது பண்ற மாதிரி காட்டிக்கத்தான் அப்படிச் சொன்னேன்.”

ஆறு வருடம் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

“தெரியும்பா” என்றான்.

“இன்னா தெரியும்?”

“நீ போறது தெரியும். உன் பாஸ்போர்ட்டுக்கு என்கொயரினு ஸ்டேஷன்லேர்ந்து போலீஸ்காரரு கடைக்கே வந்துட்டாரு. நீ டேப் வாங்க மெட்ராஸ் போயிருந்தே. இவரைத் தெரியுமா, எத்தினி வருஷமா தெரியும், ஆள் எப்படினு கேட்டாரு. நல்ல மாதிரி சார்னு சொல்லி நான்தான் கையெழுத்து போட்டேன்.”

அந்த விசாரணையை மாமனார் ஆள் பிடித்துச் சுமுகமாக முடித்தார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாமனாருக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

“தெரிஞ்சிக்கினு ஏன்டா கேக்கல?”

“நீயா சொல்லுவேனு பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல. தட்டுங்க வேணாம்னு வந்து நின்னே. நீ சொன்னது தப்புனு அன்னிக்கே தெரியும்பா. ஆனா கூட உக்காந்து கேக்க நீ இல்லனா எனக்கு மட்டும் எதுக்கு, அதான் உட்டுட்டேன்.”

பின்னால் யாரோ அவனிடம் ரீசார்ஜ் கேட்டார்கள், அஞ்சு நிமிசம் இருங்கனு சொன்னேனே என்று அதட்டினான்.

“அப்ப இப்ப எதுக்குக் கேட்டே, கடையை மூடட்டுமானு?”

“அது முடிவு பண்ணிட்டேன். நாளைக்கி வேலைக்குச் சேர்றேன். சேதினு சொல்ல மனசு வரல, அதான் கேக்கறாப்ல கேட்டேன். நீ ஒரு வாரமா மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தியா?”

சிரித்தான். நானும் சிரித்தேன், அழுகையும் சேர்ந்தே வந்தது. சிரிப்புக்கு நடுவில் போன் அட்டையின் பெண் குரல் குறுக்கிட்டு, இன்னும் இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று ஆங்கிலத்தில் சொன்னது.

“இன்னா சொல்றா அவ?” என்றான்.

“ரெண்டு நிமிஷம்தான் இருக்குதாம்.”

“ரெண்டு நிமிஷமா? வெறுமனே உடக்கூடாதே. இரு.”

இழுப்பறை திறக்கிற சத்தம், கேசட் உள்ளே போகிற சத்தம், பொத்தான். அந்த இடத்துக்கே சுற்றி வைத்திருந்திருக்கிறான், உடனே கிளாரினெட் ஆரம்பித்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ரிசீவரை வைத்திருக்கிறான் போலிருக்கிறது, இரைச்சலோடு வந்தது. சுவர் ஓரம் அப்படியே தரையில் உட்கார்ந்து கேட்டேன். அவனும் அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. ரீசார்ஜ் கேட்டவரும் பேசவில்லை.

துக்கடா இரண்டு நிமிடம் பத்து நொடி. பேசியதிலும் கேசட்டைப் போட்டதிலும் போனது போக, பாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே போன் அட்டை தீர்ந்து லைன் அறுந்தது. கடைசிச் சுற்று ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் ‘கொய்ங்’ என்று வெறும் கம்பிச் சத்தம்.

மாடிப்படியில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த ரூத், குனிந்தபடியே, இறங்க வேண்டிய அந்த இடத்திலிருந்து பிடித்து, தாளம் தப்பாமல் முணுமுணுத்து முடித்தாள். போனில் வந்தது அவளுக்குக் கேட்டிருக்காது. நான்தான் கூடவே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீங்க தினமும் ஷூ போடறப்போ பாடறதுதானே. ஏன் பாதியில நிறுத்தினீங்க?” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

எழுந்து போய் ஃபிரிட்ஜின் மேலிருந்த அட்டையை எடுத்தேன். ஐந்தாவது வரியில் ‘கடைக்காரர் விருப்பம்’ என்று எழுதினேன்.